கலப்பு உயிர்வேலி: தோரணத்துக்கு இலை, சின்னானுக்குக் கூடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து தாமான் (குடியிருப்புத் திட்ட) வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் பலரும், வேலி என்றதும் கெலாட் பாயா என்னும் செடியை வரிசையாக நட்டுவிடுகிறார்கள். தளிர் சிவப்பாக இருக்கும், எந்த நாற்றங்காலிலும் கிடைக்கும், எப்படிக் கத்தரித்தாலும் பொறுத்துக்கொள்ளும். மாதம் தவறாமல் இயந்திரம் வைத்துச் சீவுவதால் அது பூப்பதும் இல்லை, காய்ப்பதும் இல்லை. ஒரு குருவி வந்து உட்கார அதில் காரணமே இல்லை. அதே வீட்டில் திருவிழா வந்துவிட்டால் மாவிலைக்கும் வேப்பிலைக்கும் தெருத்தெருவாக அலைச்சல்.

தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வாசல்களில் இப்படி இருந்ததில்லை. குரோட்டனும் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் மருதாணியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். யாரும் திட்டமிட்டு நட்டதல்ல. ஆனால் இலைக்கும் பூவுக்கும் பஞ்சம் இருக்காது, குருவிச் சத்தமும் ஓயாது. அதையே கொஞ்சம் கணக்கோடு செய்வதற்குத்தான் இந்த வழிகாட்டி. ஏறத்தாழ 20 மீட்டர் நீளம், ஆள் உயரம், ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள வேலியை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மூலை வீட்டுக்கோ, தோட்டப்புறத்தில் சொந்த நிலம் வைத்திருப்பவருக்கோ இது பொருந்தும்.

கணக்கு இதுதான்: வேலியை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்திலும் ஒரு பங்கு வெட்டப்பட்டுத் துளிர்த்துக்கொண்டிருக்கும், ஒரு பங்கு இலை முற்றி அறுவடைக்குத் தயாராக இருக்கும், ஒரு பங்கு பூத்துக் காய்த்துப் பறவைகளுக்கு விடப்பட்டிருக்கும். கீழே வரும் எல்லாம் இந்தக் கணக்கு நடப்பதற்கான ஏற்பாடுகளே.

முதலில் எல்லைக்கல்

சங்குலை (மண்வெட்டியை) கையில் எடுக்குமுன் எல்லைக்கல்லைத் தேடுங்கள். வேலி வளர்ந்தபின் எல்லைத் தகராறு வந்தால் பிடுங்க வேண்டியது நீங்கள்தான். கோட்டிலிருந்து குறைந்தது முக்கால் மீட்டர் உள்ளே தள்ளி நடுங்கள். செடியின் பாதி அகலம் அந்தப் பக்கம் போகும். சாலையோர வடிகாலை ஒட்டிய நிலம் பெரும்பாலும் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் இருக்கும். அங்கே நட்டால் ஒருநாள் இயந்திரம் வந்து வழித்துவிட்டுப் போகும். கழிவுநீர்த் தொட்டியின் மூடி எங்கே இருக்கிறது, மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஐந்து மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. கறிவேப்பிலை வைக்கப் போகிறேன் என்றால் மறுப்புச் சொல்பவர் அரிது.

மண்

தாமான் வீடுகளின் வாசல் மண் பெரும்பாலும் லாரியில் கொண்டுவந்து கொட்டி உருளையால் அழுத்திய செம்மண். கட்டடச் சல்லியும் சிமெண்டுக் கட்டிகளும் அதில் கலந்திருக்கும். 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். நான்கு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நின்றால் வடிகால் இல்லை என்று பொருள். அங்கே குழியை ஆழமாக்கிப் பயனில்லை, குழியே குளமாகும். மேலே 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேடு கட்டி அதில் நடுங்கள்.

நம் நாட்டுத் தோட்ட மண் இயல்பிலேயே புளிப்பு. அமிலக் காரக் குறியீடு (pH) 4 முதல் 5 வரை இருப்பது சாதாரணம். செம்பருத்திக்கும் இட்லிப்பூவுக்கும் செண்டுடுக் என்னும் ஊதாப்பூக் காட்டுச்செடிக்கும் ஓரளவு புளிப்பு மண் பிடிக்கும். அதனால் வேலி முழுவதும் சுண்ணாம்பு தூவிவிடாதீர்கள். இட்லிப்பூ சிமெண்டு மதிலை ஒட்டி நின்றால் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். சிமெண்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு, செடிக்கு இரும்புச்சத்து எட்டாமல் செய்துவிடுவதுதான் காரணம். மதில் ஓரத்தை மருதாணிக்கும் வேம்புக்கும் விட்டுவிடுங்கள். அவை அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஒரு மீட்டர் அகலம், 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழம் கொத்தி, சல்லியைப் பொறுக்கி, மட்கிய ஆட்டெருவோ மாட்டெருவோ இரண்டு மீட்டருக்கு ஒரு சாக்கு வீதம் கலந்துவிடுங்கள். பச்சைக் கோழி எரு வேண்டாம். வேரைச் சுடும், ஈயையும் அழைத்துவரும். லாலாங் புல்லின் கிழங்கை ஒரு துண்டு விடாமல் எடுங்கள். இதில் சோம்பினால் பின்னால் செடிகளுக்கு நடுவே கைவிட்டுப் பிடுங்கும்போது நினைத்துக்கொள்வீர்கள்.

அருகில் செம்பனை ஆலை இருந்தால் பழம் உதிர்த்த வெறுங்குலை கிடைக்கும். தாண்டான் கோசோங் என்று கேட்டால் புரியும். மண்ணுக்கு மேல் மூடாக்காகப் போட இதைவிட நல்லது இல்லை. ஈரம் காக்கும், மட்கும்போது சாம்பல்சத்தும் கொடுக்கும். ஒரே ஓர் அடுக்காகத்தான் பரப்ப வேண்டும். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும். பிறகு அக்கம்பக்கத்துத் தென்னைகளின் குருத்து உங்களால் போகும்.

என்ன நடுவது

இரண்டு வரிசை, வரிசைக்கு நடுவே அரை மீட்டர், செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர், எதிரெதிராக வராமல் மாற்றி மாற்றி. 20 மீட்டருக்கு 66 செடி பிடிக்கும். நான் பிரிக்கும் விதம்: கெமுனிங் 14, மருதாணி, நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ ஆகியவை தலா 8, நொச்சி 6, குரோட்டனும் அண்டோங் என்னும் வண்ண இலைச்செடியும் சேர்ந்து 6, கறிவேப்பிலை 4, செண்டுடுக் 4. ஒரே வகையை மூன்று மூன்றாகச் சேர்த்து நடுங்கள். ஒன்று விட்டு ஒன்றாகக் கலந்தால் வேகமாக வளரும் செம்பருத்தி மெதுவாக வளரும் கெமுனிங்கை அமுக்கிவிடும். வெட்டும்போதும் கத்தி தடுமாறும்.

கெமுனிங்தான் இந்த வேலிக்கு உடம்பு. அடர்த்தியாக வளரும், வெள்ளைப் பூ மாலையில் மணக்கும், சிவந்த பழத்தைச் சின்னான்கள் (கொண்டைக்குருவிகள்) விடாது. சிறு இலைகள் அடுக்கடுக்காக வரும் அதன் கிளைகளைப் பூக்கடைக்காரர்கள் விரும்பி வாங்குவார்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: கெமுனிங், கறிவேப்பிலை இரண்டும் எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை, கஸ்தூரி எலுமிச்சை மரங்களைச் சாகடிக்கும் பசுமை நோயைப் பரப்பும் சிறு பூச்சி இவற்றிலும் தங்கிப் பெருகும். உங்களிடமோ பக்கத்திலோ எலுமிச்சைத் தோப்பு இருந்தால் கெமுனிங்கைக் குறைத்து நந்தியாவட்டையைக் கூட்டுங்கள்.

நந்தியாவட்டைப் பூ பூசைக்கு, மருதாணி கைக்கு. மருதாணிக்கு ஈரக்கால் ஆகாது. மேட்டில், வெயிலில் வையுங்கள்.

செம்பருத்தியில் ஒற்றை இதழ் வகையைத்தான் பெரும்பாலும் நடுங்கள். 1960-இல் நாட்டு மலராக அறிவிக்கப்பட்டதும் அதுதான். காலை எட்டு மணிக்கு அதன் அருகே நின்று பாருங்கள். தேன்சிட்டு பூவின் வாய்வழியாக நுழைவதில்லை. காம்பை ஒட்டிய அடிப்பக்கத்தில் அலகால் துளையிட்டுத் தேனை உறிஞ்சிவிட்டுப் போய்விடும். தேனுக்குக் கூலியாக மகரந்தம் சுமப்பது கிடையாது. இட்லிப்பூவுக்கு வரும் வண்ணத்துப்பூச்சிகள் அவ்வளவு மோசமில்லை.

செண்டுடுக்கை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கைவிடப்பட்ட ரப்பர்க்காட்டு ஓரத்திலும் வடிகால் கரையிலும் தானாக முளைத்து நிற்கும். உரியவரிடம் கேட்டுவிட்டுச் சிறு கன்றாகப் பார்த்து வேர்மண்ணோடு எடுத்து வாருங்கள். ஊதாப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் எளிதில் உதிராது. கருநிறத் தச்சுத் தேனீ ஒன்று வந்து மகரந்தப் பைகளைக் கட்டிப்பிடித்து, இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவிட்டு ரீங்கரிக்கும்; மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். காய் வெடித்தால் உள்ளே கருநீலச் சதை. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் யாரும் அதைத் தின்று நாக்கைக் கறையாக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பூக்கொத்திக் குருவிக்கும் அது பிடித்த தீனி. களை என்று பிடுங்கி எறியும் செடிக்கு நான்கு இடம் ஒதுக்குவதை வீட்டில் எதிர்ப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கறிவேப்பிலை நான்கில் ஒன்று உங்களுக்கு இல்லை. அழகிய வால் வைத்த கருப்பு வண்ணத்துப்பூச்சிகள் அதில் முட்டையிடும். புழு முதலில் பறவை எச்சம் போலத் தெரியும், வளர வளரப் பச்சையாகும். தொட்டுப் பாருங்கள்: தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவைக்கொம்பு நீட்டி, நாற்றம் அடிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் கூட்டுப்புழுவாகிவிடும். செடி மறுபடி துளிர்க்கும். சாம்பாருக்கு மற்ற மூன்று போதும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வேண்டுமென்றால் ஒரு முனையில் சீமை அகத்தி ஒன்று வையுங்கள். மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்று சொல்லித் தேமலுக்கு அரைத்துப் பூசுவது அதைத்தான்.

ஆடு மாடு அவிழ்த்துவிடப்படும் இடமானால் வெளிவரிசையில் நொச்சியை வையுங்கள். ஆடாதொடை கிடைத்தால் அதையும் சேருங்கள். ஆடு வாய் வைக்காது. வடமாநிலங்களில் லெமுனி சோற்றுக்குப் போடும் நொச்சி வகையும் இதற்கு ஏற்றதே.

வேம்பும் மாவும் வேலியின் இரு முனைகளில் ஒவ்வொன்று. மரமாக விடாமல் இரண்டு மீட்டரில் தலையை வெட்டிக்கொண்டே இருந்தால் புதராகக் கிளைத்து, கை எட்டும் உயரத்தில் இலை கொடுக்கும். வடிகாலுக்கும் வீட்டு அடித்தளத்துக்கும் மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். மாங்கொட்டையிலிருந்து முளைத்த கன்றே போதும். பழம் வேண்டியதில்லை, இலைதான் வேண்டும்.

வேண்டாதவை: உண்ணிச்செடிக்கு வண்ணத்துப்பூச்சி வரும், ஆனால் மாடு தின்றால் ஈரல் கெடும், விட்டால் வேலியையே விழுங்கும். அரளி பூசைக்கு ஆகும். சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த நஞ்சு எதற்கு? செரி மரம் ஓராண்டில் கூரையைத் தொடும். வௌவாலுக்கு நல்லது, வேலிக்கு இல்லை.

கன்று உண்டாக்குதல்

66 செடியையும் காசு கொடுத்து வாங்குவது வீண் செலவு. செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி, நொச்சி, குரோட்டன், அண்டோங் எல்லாம் குச்சியிலிருந்து வரும். பென்சில் கனமுள்ள, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கிளையில் 15 முதல் 20 சென்டிமீட்டர் வெட்டி, மேலே இரண்டு இலையை விட்டு மற்றதை நீக்கி, ஆற்று மணலும் மட்கும் சமமாகக் கலந்த பையில் பாதி புதையும்படி ஊன்றுங்கள். நிழலில் வைத்து ஈரம் காத்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். குரோட்டனை வெட்டினால் பால் வடியும். தோலில் பட்டால் அரிக்கும், துணியில் பட்டால் கறை போகாது. கறிவேப்பிலைக்கும் வேம்புக்கும் விதை. பழுத்ததைப் பறித்து, சதையைக் கழுவி, அந்த வாரத்திலேயே போடுங்கள். காயவைத்துப் பத்திரப்படுத்தினால் முளைக்காது. கெமுனிங்கும் இட்லிப்பூவும் மெதுவாக வருவதால் அவற்றை மட்டும் கன்றாகவே வாங்கிவிடலாம்.

நடும் காலம்

மேற்குக் கரையில் மழை இரண்டு முறை உச்சம் தொடும்: ஏப்ரல் - மே, அக்டோபர் - நவம்பர். செப்டம்பர் கடைசியில் நடுவதே என் விருப்பம். பின்னால் தொடர்ந்து மழை இருக்கும். ஜூன், ஜூலையில் நட்டால் குழாயோடு குடித்தனம் நடத்த வேண்டும். மேகம் மூடிய நாளில் மாலையில் நடுங்கள். பையில் வேர் சுருண்டிருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள். கழுத்து மண்ணுக்குள் போகாமல், பையில் இருந்த மட்டத்திலேயே வையுங்கள். மிதித்து இறுக்காமல் தண்ணீர் ஊற்றி மண்ணை அமரச் செய்யுங்கள். மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது.

முதல் ஒன்றரை ஆண்டு

இங்கேதான் பலருக்குக் கை வராது. செடி முழங்கால் உயரம் வந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். வளர்ந்த செடியை வெட்ட மனம் வராமல் விட்டால் மேலே குடை விரித்துக் கீழே மொட்டைக் காலோடு நிற்கும். பிறகு என்ன செய்தாலும் அடி அடையாது. இடுப்பளவு வந்ததும் மறுபடி ஒருமுறை. கீழே அகலமாகவும் மேலே சற்றுக் குறுகலாகவும் வெட்டுங்கள். அடி இலைக்கு வெயில் கிடைக்கும்.

என்.பி.கே. 15:15:15 உரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செடிக்கு ஒரு சிறு கைப்பிடி போதும். தோட்டத்து உரவேலை பார்த்தவர்கள் கை தாராளமாக இருக்கும். இங்கே அது ஆகாது. தழைச்சத்து மிகுந்தால் இலை பெரிதாக வரும், வெட்டி நீரில் வைத்த மறுநாளே தொங்கிவிடும்.

களைக்கொல்லியை வேலிப் பக்கம் கொண்டுவராதீர்கள். பாராகுவாட் 2020 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்றவையும் தூறலாகப் பட்டால் இளஞ்செடியைச் சுருட்டிவிடும். பூச்சிமருந்தும் தேவைப்படாது. செம்பனைத் தோட்டங்களே சாலையோரம் மஞ்சளும் வெள்ளையுமாக டர்னெரா செடிகளை நட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செம்பனை ஓலையை அரிக்கும் பைப்புழுவைக் கொல்லும் குளவிகளுக்கும் பூச்சிகளுக்கும் தேன் கொடுக்கத்தான் அந்த ஏற்பாடு. உங்கள் வேலி அடியிலும் ஒரு வரிசை டர்னெரா வையுங்கள். குச்சி ஊன்றினாலே வரும்.

நாள்காட்டி பார்த்து வெட்டுதல்

இலை தேவைப்படும் நாள்கள் நமக்கு முன்கூட்டியே தெரியும். பலமாக வெட்டிய பிறகு துளிர் வந்து முற்றிக் கனமாக 8 முதல் 10 வாரம் ஆகும். அதனால் திருவிழாவிலிருந்து பின்னோக்கி எண்ணி வெட்ட வேண்டும். தீபாவளி முடிந்ததும் முதல் பங்கை வெட்டினால் தைப்பூசத்துக்கு இலை தயார். தைப்பூசம் முடிந்ததும் இரண்டாம் பங்கு. அது சித்திரை, வைகாசிக் கோயில் திருவிழாக்களுக்கு. ஜூன் முதல் வாரத்தில் மூன்றாம் பங்கு. ஆடிக்கும் நவராத்திரிக்கும் அதிலிருந்து எடுக்கலாம். வேம்புக்கும் மாவுக்கும் தனிக் கணக்கு: ஒரே நாளில் மொட்டையடிக்காமல் கிளைகளில் மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள், ஆடியில் அம்மனுக்கு ஒன்று, சித்திரையில் ஒன்று என்று மரம் தாங்கும்.

கத்தி வைக்குமுன் அந்தப் பங்கை இலையிலையாக விலக்கிப் பாருங்கள். சின்னான் கிளைக்கவையில் கிண்ணமாகக் கட்டியிருக்கும். தேன்சிட்டின் கூடு நுனிக்கிளையில் தொங்கும். தையல்சிட்டு அகன்ற இலையை நாரால் தைத்து உள்ளே ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஆண்டின் முதல் பாதியில் கூடுகள் அதிகம். இரண்டாம் பங்கை வெட்டும்போது கூடுதல் கவனம் தேவை. கூடு இருந்தால் அதன் இருபுறமும் ஒரு மீட்டரை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறத்தாழ ஒரு மாதம்தான் ஆகும். மாமரத்தில் கெரெங்கா எறும்புகள் இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டியிருந்தால் அந்தக் கிளையைத் தொடாதீர்கள். மற்றப் பூச்சிகளை அவையே வேட்டையாடும், கடித்தால் நமக்கும் தாங்காது.

பாம்பும் கொசுவும்

புதர் வைத்தால் பாம்பு வரும் என்பார்கள். பாம்பு எலியைத் தேடி வருகிறது. எலி சோற்றுப் பருக்கையையும் நாய்த்தீனியையும் தேடி வருகிறது. அவற்றை வேலியடியில் கொட்டாதீர்கள். வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே ஒரு மீட்டர் கூட்டிப் பெருக்கிய வெறுந்தரை இருக்கட்டும். பழைய பலகை, துத்தநாகத் தகடு, டயர் எதையும் வேலிக்குள் செருகி வைக்காதீர்கள். வேலிக்கு ஓணான் சாட்சி சொல்ல வரும், அது வரட்டும்.

டிங்கிக் கொசுவுக்குத் தண்ணீர் தேங்கும் இடம் வேண்டும். தேங்காய்ச் சிரட்டை, பூத்தொட்டித் தட்டு ஆகியவற்றோடு, பாண்டான், அன்னாசி போன்றவற்றின் இலைக் கக்கத்தில் தேங்கும் நீரிலும் அது முட்டையிடும். பாண்டான் வேண்டுமென்றால் வேலியில் வைக்காமல் கண்ணில் படும் இடத்தில் தனியாக வைத்து, வாரம் ஒருமுறை குழாய்நீரை அடித்துக் கழுவிவிடுங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உண்டு. பறவைக்காக வைத்தேன் என்று சொன்னால் கேட்க மாட்டார்கள்.

இலை அறுவடை

விடியற்காலையில், வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். இலையை இரு விரலால் மடித்தால் மொடமொடப்பாக எதிர்க்க வேண்டும். துவண்டால் இன்னும் முற்றவில்லை. பாராங் கத்தி தண்டை நசுக்கிவிடும். கத்தரிக்கோலால் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். அடி இலைகளை உருவிவிட்டு உடனே வாளித் தண்ணீரில் நிறுத்தி, நிழலில் நான்கு மணி நேரம் விட்டபின் கட்டுங்கள். அண்டோங் இரண்டு வாரத்துக்குமேல் தாங்கும், குரோட்டனும் அதற்குக் கிட்டத்தட்ட. கெமுனிங்கை ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். கோயில் எதிரே இருக்கும் பூக்கடையில் கொடுப்பதாக இருந்தால் நீளம் ஒரே அளவாக இருக்கும்படி அடுக்கி, எறும்பு இல்லாமல் உதறிக் கொடுங்கள். கடைக்காரர் மறுமுறை தானே கேட்பார். மாவிலையைக் காம்போடு பறித்து ஈரச்சாக்கில் சுற்றினால் மறுநாள் காலைவரை வாடாது. கறிவேப்பிலையை மட்டும் நீரில் நிறுத்த வேண்டாம், இலை உதிரும். ஈரம் போகத் துடைத்துத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.